எதிர் இலை

ஒரு வேளைச் சோற்றுக்காகத் தொண்ணூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிச் செல்வது வீண் செலவு என்று சொல்வோர் உண்டு. அவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. பெட்ரோல் விலை அவர்கள் பக்கம் இருக்கிறது. ஆயினும் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை, திங்கட்கிழமையன்று, காலைத் திருப்பலி முடிந்ததும் பங்குக் காரியங்களை உதவிப் பங்குத்தந்தையிடம் ஒப்படைத்துவிட்டு, திருச்சிராப்பள்ளியிலிருந்து காரைக்குடிக்குத் தனியே புறப்பட்டுவிடுகிறேன். போவது பகலுணவுக்கு. கேட்பவர்களிடம் அப்படியே சொல்கிறேன். "காரைக்குடியிலே யாருக்கு உடம்பு சரியில்லை, சாமி?" என்று எங்கள் கோயிற்பிள்ளை ஒவ்வொரு முறையும் கேட்கிறார். குருவானவர் ஒருவர் சோறு தின்பதற்கென்றே வெளியூர் போவார் என்பதை ஏற்க அவர் மனம் இடங்கொடுப்பதில்லை.

நேராகச் சென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் காரைக்குடியை அடைந்துவிடலாம். நான் ஏழு மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். கைகாட்டிகளுக்கு மறுப்புச் சொல்ல எனக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். புறவழிச் சாலைகள்மீது எனக்குள்ள மனத்தாங்கல் மற்றொன்று. முன்பெல்லாம் பேருந்து ஓர் ஊருக்குள் நுழைந்துதான் வெளியேறும். கடைத்தெரு, காவல் நிலையம், சினிமாச் சுவரொட்டி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஆகிய அனைத்தையும் காட்டிய பிறகே அவ்வூர் பயணிக்கு வழிவிடும். இப்போது ஊரின் பெயர் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தாய் நிற்கிறது, பக்கத்தில் ஓர் அம்புக்குறி, அவ்வளவே. கடந்து செல்வோருக்குக் கால் மணி நேரம் மிச்சம். அந்தக் கால் மணி நேரத்தை நம்பிப் பாலைக் காய்ச்சி வைத்திருந்தவருடைய நிலை என்ன என்று கேட்பார் இல்லை. வழியில் ஒரு சிற்றூரில் நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடைக்காரர், "இப்பெல்லாம் உள்ளூர்க்காரங்கதான் சார். அவங்க டீ குடிக்கிறதைவிடப் பேப்பர் படிக்கிறதுதான் அதிகம்" என்றார். அன்று அங்கி இல்லாமல், சாதாரணச் சட்டையும் கால்சட்டையும் அணிந்திருப்பேன். ஆகையால் வழிநெடுக நான் 'சார்'தான். வாரத்தில் ஆறு நாளும் 'சாமி'யாக இருப்பவனுக்கு ஒரு நாள் வெறும் 'சார்' ஆவதில் ஒரு சுகம் உண்டு.

மாத்தூரைத் தாண்டியதும் ஆவூர்ப் பக்கம் செல்லும் சாலை பிரிகிறது. பழைய மதுரை மிஷன் காலத்திலேயே பெயர் பெற்ற ஊர். பெரியநாயகி அன்னையின் ஆலயத்தை வாசகர் பலர் அறிவர். அன்று நான் அங்கே திரும்பவில்லை. திரும்பினால் அங்குள்ள பங்குத்தந்தை பகலுணவு தராமல் விடமாட்டார். பயணத்தின் நோக்கம் இருபதாவது கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். நார்த்தாமலையிலும் இறங்கவில்லை. அங்கே மலைச்சரிவில் விசயாலய சோழீச்சுரம் என்னும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில் இருக்கிறது. வெளியே சதுரமாகவும் உள்ளே கருவறை வட்டமாகவும் அமைந்த அருமையான கட்டடம். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. அன்றைய காலைப் பொழுதை நான் சித்தன்னவாசலுக்கென்று ஒதுக்கியிருந்தேன்.

சித்தன்னவாசலுக்கு வருவோர் பெரும்பாலும் அறிவர் கோயிலின் விதானத்தில் உள்ள தாமரைக் குளத்தைக் காண வருகிறார்கள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்னும் சமணர் பாண்டியர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இந்தக் குடைவரையைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. குளத்தில் மீன்கள் துள்ளுகின்றன. யானையும் எருமையும் இறங்கியிருக்கின்றன. தாமரை கொய்யும் மனிதர்கள் தோளில் தண்டோடு நிற்கிறார்கள். காலமும் மனிதர் கைகளும் சிதைத்தவை போக எஞ்சியது இவ்வளவு. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, பெரும்பாலோர் வண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

எனக்கு அதைவிட ஏழடிப்பாட்டமே பிடிக்கும். அதே குன்றின்மேல் ஏறி மறுபுறம் செல்ல வேண்டும். பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளைப் பற்றியே அக்காலத்தில் அங்கே போயிருக்கிறார்கள். பெயரும் அதனால் வந்தது. இப்போது கம்பிப் பிடி இருப்பதால் ஐம்பதைத் தாண்டியவர்களும் அச்சமின்றிப் போகலாம். இயற்கையான குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் படுக்கும் அளவு; தலைமாட்டில் தலையணைபோல் சிறு மேடு. தொட்டுப் பார்த்தால் கருங்கல் என்று நம்ப முடியாத வழவழப்பு. ஒரு படுக்கையருகே தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. அவை கிறிஸ்து பிறப்பதற்கு முந்தியவை என்பது அறிஞர் கருத்து. பிற படுக்கைகளில் பிற்காலத்து எழுத்தில் துறவியரின் பெயர்கள். சமண முனிவர் இங்கே தவமிருந்தனர். அவர்களுள் சிலர் உணவை முற்றிலும் துறந்து, வடக்கிருந்து உயிர் நீத்தனர் என்று கூறுவர்.

பகலுணவுக்காக நாளெல்லாம் பயணம் செய்கிறவன் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது சற்று விசித்திரந்தான். காரைக்குடியை மனத்தில் வைத்துக் காலையில் இரண்டு இட்டிலியோடு நிறுத்தியிருந்தேன். வயிறு அப்போதே கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது. பதினேழு பேரும் ஒரே காலத்தில் அங்கே இருந்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் படுக்கைகள் அடுத்தடுத்து, கை நீட்டினால் எட்டும் தொலைவில் இருக்கின்றன. உலகத்தைத் துறந்தவர்கள், உணவைத் துறந்தவர்கள், பக்கத்துப் படுக்கையைத் துறக்கவில்லை. அவ்வளவு பெரிய குன்றில் ஆளுக்கொரு மூலையைத் தேடிப் போயிருக்கலாம், போகவில்லை.

புதுக்கோட்டையில் காப்பி அருந்தினேன். 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானமாக இருந்த ஊர்; அதன் பெருமிதம் நேர்நேராக ஓடும் அகன்ற இராஜவீதிகளில் இன்றும் தெரிகிறது. ஓர் உணவகத்திலிருந்து முட்டை மாஸ் வதங்கும் மணம் வந்தது. அது இவ்வூருக்கே உரிய பண்டம். அவித்த முட்டையை நறுக்கி மசாலாவில் புரட்டித் தருவார்கள். இங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்று வயிறு வழக்காடியது. மணி பதினொன்றுதான் என்று சொல்லி அதை அடக்கினேன்.

திருமயத்தில் கோட்டை சாலைக்கு மேலேயே எழுந்து நிற்கிறது. 1687இல் சேதுபதி விஜய ரகுநாதத் தேவர் கட்டியது என்பது வரலாறு. ஒரே பாறையைக் குடைந்து சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்துக் கோயில் எடுத்திருக்கிறார்கள். தேசபக்தர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊரும் இதுவே. கோட்டைச் சுவரை ஒட்டிச் சாலையோரம் பைரவர் கோயில் ஒன்று இருக்கிறது. இந்த வழியாகச் செல்லும் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டு, சூடம் ஏற்றிய பிறகே நகர்வார்கள். லாரிகளுக்கும் வேன்களுக்கும் நடுவே என் பழைய மாருதியும் நின்றது. நிற்காமல் போக இடமும் இல்லை. பக்கத்து லாரியின் உதவியாளர் திறந்திருந்த கண்ணாடி வழியே ஒரு துண்டு தேங்காயை என் கையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். அதைக் கடித்துக்கொண்டே கானாடுகாத்தானுக்கு வந்து சேர்ந்தேன்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி, முட்டை வெண்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் என்று எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்கள். பட்டியல் பொய்யில்லை. பர்மா, மலேயா, இலங்கை நாடுகளில் வட்டிக் கடை நடத்தி ஈட்டிய பொருள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர்வரை இந்த வறண்ட பூமியில் வீடு வீடாக எழுந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த ஊற்று அடைபட்டது. போருக்குப் பின் அங்கே நிலங்களும் வங்கிகளும் நாட்டுடைமை ஆனதும் வற்றியே போயிற்று. வீடுகள் மட்டும் நின்றன.

பலர் கவனியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த வீடுகள் கூட்டுக் குடும்பத்துக்காகக் கட்டப்பட்டவை. ஆனால் அடுப்பு ஒன்றல்ல. மகனுக்கு மணமாகிச் சிறிது காலம் சென்றதும் அவனை 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். பிரித்து அனுப்புவது அன்று. அதே வீட்டுக்குள் தனி அறையும், தனிச் சமையலும், தனிக் கணக்கும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு 'புள்ளி'. ஒரே வளவைச் சுற்றி ஐந்தாறு அடுப்புகள் புகையும். மாமியாருக்கும் மருமகளுக்கும் மனத்தாங்கல் வந்தால் அடுப்போடு நிற்கும், வாசல்வரை வராது. அதே வீட்டில் திருமணம், அறுபதாம் கல்யாணம் என்று வந்துவிட்டால் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகிவிடும். நீண்ட சாப்பாட்டுக் கூடத்தில் நூற்றுக்கணக்கான இலை விழும். தனியே சமைக்கவும் சேர்ந்து உண்ணவும் ஒரே கூரையின்கீழ் இடம் வகுத்தவர்களின் மதியை நான் வியக்கிறேன். இன்று சிலர் 'கூட்டுக் குடும்பம்' என்று பெருமூச்சு விடும்போது, அது ஒரே பானையில் எல்லாரும் அடங்கிக் கிடந்த காலம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இங்கே அப்படி இல்லை.

கட்டணம் வாங்கிக்கொண்டு பார்வையாளருக்குக் காட்டும் வீடு ஒன்றில் நுழைந்தேன். அன்று வேறு ஒருவரும் இல்லை. முகப்பு, பட்டாலை, வளவு எல்லாவற்றையும் தாண்டிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தபோது மணி ஒன்றாகியிருந்தது. ஏறத்தாழ எழுபதடி நீளம். இரு புறமும் தூண் வரிசை. அதன் ஒரு கோடியில், கதவருகே, காவற்காரர் தரையில் அமர்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து தயிர்ச்சோறு உண்டுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு காகிதத்தில் ஊறுகாய். என்னைக் கண்டதும் பாதி எழுந்து, "வாங்க சார், சாப்பிடலாம்" என்றார்.

அந்தச் சட்டியில் ஒருவருக்கே போதாத சோறுதான் இருந்தது. நான் உட்காரப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தும் சொன்னார். உண்ணும்போது யார் வந்தாலும் அழைக்காமல் மறு கவளம் எடுப்பதில்லை என்பது நம் நாட்டில் எழுதாத சட்டம். "நீங்க சாப்பிடுங்க, நான் மெதுவாப் பார்க்கிறேன்" என்று சொல்லி நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் சட்டியைச் சற்றுத் திருப்பி, கூடத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டிருந்தார்.

செமினாரியில் நாங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நீண்ட மேசைகளில் அமர்ந்து உண்போம். சில நாட்களில் ஒருவர் நின்று நல்ல நூல் ஒன்றை வாசிப்பார்; மற்றவர் மௌனமாக உண்ண வேண்டும். அந்த மௌனத்திலும் குழம்பு எப்படி என்பதைப் புருவத்தால் பேசிக்கொள்வோம். குருப்பட்டம் பெற்று இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இவற்றில் பெரும்பாலான இரவுகளில் சமையற்காரர் மூடி வைத்துவிட்டுப் போனதைத் திறந்து, செய்தித்தாளைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உண்டிருக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்து ஏற்ற வாழ்க்கை. எனக்குச் சமைக்கவாவது ஆள் இருக்கிறது.

வீடு சந்திக்கப் போகும்போது நான் காண்பது வேறு. எங்கள் பங்கில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர் பலர். எழுபதைக் கடந்த ஓர் அம்மாள் அடுப்படி மேடையருகே நின்றபடியே குண்டானிலிருந்து அள்ளி உண்டுகொண்டிருந்தார். "ஏம்மா, தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா?" என்றேன். "ஒருத்திக்கு எதுக்கு சாமி தட்டு? அதையும் கழுவணும்" என்றார். அந்த வீட்டில் பன்னிரண்டு தட்டுகள் அடுக்கில் இருந்தன. குளிர்பெட்டி, மருந்துப் பெட்டி, மகன் அனுப்பிய பணம் எல்லாம் இருந்தன. மருத்துவர் சத்துக் குறைவு என்று எழுதிக்கொடுத்திருந்தார்.

இரண்டு மணிக்குக் காரைக்குடியில் இருந்தேன். நான் உண்ணும் மெஸ் பெரியதன்று. முன்புறம் கல்லா, உள்ளே எட்டு மேசை, ஒவ்வொன்றிலும் நாலு பேர். தனியாக வருகிறவனுக்குத் தனி மேசை கிடையாது; எங்கே ஓர் இடம் காலியோ அங்கே உட்கார வேண்டும். நகரத்து உணவகங்களில் தனியே வருகிறவனைச் சுவரைப் பார்த்த சிறு மேசைக்குக் கொண்டுபோய் அமர்த்துகிறார்கள். அவன் ஏதோ குற்றம் செய்தவன்போல. இங்கே அந்தத் தண்டனை இல்லை.

இலை விழுந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். உப்பு, ஊறுகாய், ஒரு பொரியல், வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் புளி கரைத்துச் செய்வது மண்டி. வீணாகக் கொட்டும் நீரிலிருந்து இத்தனை சுவையை எடுத்தவர் யாரோ, அவருக்கு வாழ்த்து. பிறகு சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு. இன்று ஊருக்கு ஊர் 'செட்டிநாட்டு உணவகம்' என்று பலகை தொங்குகிறது. உள்ளே போனால் மிளகாய்த்தூளைக் கொட்டி நாக்கை எரிக்கிறார்கள். உண்மையான செட்டிநாட்டுக் குழம்பு எரிப்பதில்லை. கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் அளவோடு சேர்ந்து, அப்போது அரைத்த மசாலாவின் மணமாய் மேலே வரும்; காரம் கடைசியில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். இது என் தீர்ப்பு. மாற்றுக் கருத்துள்ளவர்கள் காரைக்குடிக்குப் போய் உண்டுவிட்டு எழுதலாம்.

எதிர் இலையில் இருந்தவர் எழுபது வயதுக்காரர். வெள்ளை வேட்டி, பையில் கண்ணாடிக் கூடு. பரிமாறுகிறவர் அவரைக் கேட்காமலே ரசத்தை முதலில் ஊற்றினார். சோற்றைக் குழையப் பார்த்து வைத்தார்.

"சார் வெளியூரா?" என்றார் அவர்.

"திருச்சி."

"தனியாவா வந்தீங்க? வீட்டுல வரலையா?"

"வீட்டுல யாரும் இல்லைங்க."

கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்துவிட்டார். "எத்தனை வருஷம் ஆச்சு?" என்று மெல்லக் கேட்டார். அவர் என்ன நினைத்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. நான் கத்தோலிக்கக் குரு, மணம் செய்துகொள்ளாதவன் என்று விளக்கினேன். சிறிது யோசித்துவிட்டுச் சிரித்தார். "அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கேஸுதான் சார். நீங்க தொடக்கத்திலேருந்து, நான் மூணு வருஷமா."

பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்துக் கிலோமீட்டர் தொலைவில் சொந்த வீடு. மனைவி இறந்த பிறகு தாமே சமைக்கக் கற்றுக்கொண்டார். "சமையல் நல்லாவே வரும் சார். மீன் குழம்பு வெச்சா மூணாவது வீட்டுக்கு மணக்கும். ஆனா எதிர்ல ஆள் இல்லாம உள்ளே எறங்க மாட்டேங்குது. ரெண்டு வாய் வெப்பேன், மூடி வெச்சிருவேன்." ஆறு மாதத்தில் பத்துக் கிலோ இளைத்தாராம். பிறகு ஒரு நாள் ஏதோ வேலையாய்க் காரைக்குடிக்கு வந்தவர் இந்த மெஸ்ஸில் உட்கார்ந்து வயிறார உண்டார். அன்றுமுதல் நாள்தோறும் ஒன்றேகால் மணி பஸ். மாதக் கணக்கு. "இருபத்தெட்டு வருஷம் கூட்டத்துக்குள்ளேயே நின்னவன் சார் நான். பஸ்ஸுல நிக்கிறதே ஒரு தெம்பு."

சென்னையில் இருக்கும் மகள் ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் கேட்கிறாள்: சாப்பிட்டீங்களாப்பா? "சாப்பிட்டேன்னு சொல்லுவேன். முன்னாடி பொய்யாச் சொன்னேன். இப்ப மெய்யாச் சொல்றேன்."

ஒரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் வரவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு இந்த மெஸ்ஸின் பையன் ஒருவன் மொபெட்டில் தூக்குச்சட்டியோடு வாசலில் வந்து நின்றான். கல்லாவில் இருப்பவர் அனுப்பியிருந்தார். அதற்குமேல் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே அவர் படுத்திருப்பது தெரிந்ததாம். இதைச் சொன்னபோது அவர் குரல் சற்று அடைத்தது. மோரை எடுத்துக் குடித்துக்கொண்டார். தமிழில் இதற்குப் பழைய சான்று உண்டு. அமுதமே வாய்த்தாலும் தாம் மட்டும் உண்ண நினையாத மனிதர் இருப்பதால்தான் இந்த உலகம் இருக்கிறது என்று, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் பாண்டியன் புறநானூற்றில் பாடியிருக்கிறான். எம்மாவு ஊர் வழியை இங்கே இழுத்துவந்து ஒரு மறையுரை ஆற்றவும் இடமிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றியது போதும் என்று விட்டுவிடுகிறேன்.

நான் மெதுவாக உண்பவன். அவர் முன்பே முடித்துவிட்டார். ஆனால் இலையை மடிக்கவில்லை. விரலால் உப்பைத் தொட்டுக்கொண்டு சும்மா இருந்தார். நான் கடைசி மோர்ச்சோற்றை முடித்து இலையை என் பக்கமாக மடித்த பிறகே தம் இலையை மடித்தார். பந்தியில் உடனுண்பவர் முடிக்குமுன் எழக் கூடாது என்று என் பாட்டனார் சொல்லிக் கேட்டதுண்டு. கண்டு வெகுகாலம் ஆயிற்று. கைகழுவும் இடத்தில் கேட்டார்: "ராத்திரி நீங்க யாரு கூட சார் சாப்பிடுவீங்க?" செய்தித்தாளோடு என்றேன். "அது பதில் பேசாதே" என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

ஆத்தங்குடிக்குப் போனேன். தரை ஓடு செய்யும் கூடத்தில் நான்கு பேர் வேலையில் இருந்தார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் பூ வடிவ அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் ஒரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவையைப் பூசி, வெயிலில் உலர்த்தி, சில நாள் நீரில் ஊறப்போடுகிறார்கள். சூளை இல்லை, தீ இல்லை. ஓட்டின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. மேற்பார்வையாளர் விலைப்பட்டியலைக் காட்டினார்; எனக்கோ மனம் அந்த மோரிலேயே இருந்தது.

திரும்பும்போது திருப்பத்தூர் வழியாக வந்தேன். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிட்ட ஊர். சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி. விராலிமலையில் இருட்டிவிட்டது, மயில்களின் அகவல் மட்டும் கேட்டது. எட்டரை மணிக்குக் குருமனை. உதவிப் பங்குத்தந்தை உண்டு முடித்து, தம் அறைக்குள் போயிருந்தார். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தும் வெவ்வேறு நேரத்தில் உண்கிறோம் என்பதை அன்றுதான் கணக்குப் பார்த்தேன். அவருக்கு மாலையில் இளைஞர் கூட்டம், எனக்கு வீடு சந்திப்பு. மறுநாள் அவரிடம் பேசி எட்டு மணி என்று நேரம் வைத்துக்கொண்டோம். நாலு நாளைக்கு ஒரு தடவை தவறுகிறது. மற்ற நாட்களில் நடக்கிறது.

பங்கில் வியாழக்கிழமைப் பகலுணவு அதற்கு அடுத்த மாதம் தொடங்கியது. இது ஏழைகளுக்கு அன்னதானம் அன்று என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிட்டோம். இல்லாவிட்டால் மானமுள்ளவர்கள் வரமாட்டார்கள். வருகிறவர் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவர வேண்டும். இயலாதவர் உப்பாவது கொண்டுவர வேண்டும். சோறு மட்டும் குருமனையில் வடிக்கிறோம். முதல் வாரம் ஐந்து பேர் வந்தார்கள். ஒருவரோடொருவர் பேசாமல், மருத்துவமனையில் முறைக்குக் காத்திருப்பவர்களைப்போல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் கொண்டுவந்த புளிக்குழம்பில் வெல்லம் போட்டது சரியா என்று வாக்குவாதம் மூண்டது. அதிலிருந்து பேச்சுக்குக் குறைவில்லை. இப்போது பதினான்கு இலை விழுகிறது. இரண்டு பேர் வேற்றுச் சமயத்தினர். அடுத்த தெருவிலிருந்து வருகிறார்கள். யாரேனும் சொல்லாமல் வராவிட்டால் உபதேசியார் தூக்குச்சட்டியோடு சைக்கிளில் போகிறார். இது நான் காரைக்குடிக் கல்லாக்காரரிடம் கற்றது.

குண்டானிலிருந்து நின்றுகொண்டே உண்ட அம்மாளும் வருகிறார். வீட்டு அடுக்கிலிருந்து தம் தட்டையும் கையோடு கொண்டுவருகிறார். இலை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். சென்ற வியாழனன்று என்னைத் தனியே அழைத்து, "சாமி, என் நாத்தனாரை எனக்கு எதிர்லே உட்கார வைக்காதீங்க. அவ நான் என்ன சாப்பிடுறேன்னு எண்ணிக்கிட்டே இருக்கா" என்று முறையிட்டார். நாத்தனாரிடம் சொல்லிப் பார்த்தேன். "அவ மூணு தரம் சோறு வாங்குறா சாமி. நான் எண்ணாம வேற யார் எண்ணுறது?" என்றார்.